எனக்கு எதிராக நான் பேசிய ஆடி மாதம்

பிப்ரவரி 13, வியாழன்

"பொண்ணுக்கா, பையனுக்கா மேடம்?" என்று கேட்டாள் வரவேற்பு மேசைப் பெண். திருச்சியில் நீட் பயிற்சி மையம். சுவர் முழுக்கப் போன வருடம் ஜெயித்த பிள்ளைகளின் படங்கள்.

"பொண்ணுக்கு."

"பேரு?"

"திலகவதி."

"வயசு?"

"நாப்பத்திரெண்டு."

பேனா நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள், மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். மேடையில் இப்படி ஓர் இடைவெளி கிடைத்தால் அது தங்கம். அதில்தான் கூட்டம் கைதட்டும். இங்கே கைதட்ட ஆள் இல்லாததால் நானே பேசினேன். "நீட் எழுத வயசு வரம்பு கெடையாதும்மா. நல்லா விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

உள்ளே உயிரியல் ஆசிரியர் ஜெரால்டு சார். முப்பது வயதுகூட இருக்காது. "இப்ப எதுக்கு மேடம் டாக்டர் படிப்பு?" என்றார். சமூக சேவை என்றேன். வரவேற்புப் பெண்ணிடம் சின்ன வயசுக் கனவு என்று சொல்லியிருந்தேன். எங்கள் பட்டிமன்ற நடுவர் புலவர் அம்பலவாணன் ஐயாவிடம் போனில், "மேடைக்குப் புதுச் சரக்கு கெடைக்கும்ல ஐயா" என்றேன். மூன்றும் நல்ல காரணங்கள்தான். பதினெட்டு வருடமாகப் பட்டிமன்றம் பேசிப் பிழைக்கிறேன். பெயருக்கு முன்னால் 'நகைச்சுவை அருவி' என்று பட்டம் வேறு. எனக்கா காரணத்துக்குப் பஞ்சம்?

வீட்டுக்காரர் மட்டும் காரணம் கேட்கவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். கடையைச் சாத்திவிட்டு வந்து, கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "சனி ஞாயிறு கிளாஸுன்னா மத்தியானத்துக்குக் கட்டித் தரணுமே. தயிர்சாதம் போதுமா?" என்றார்.

தினமும் படித்ததை நோட்டில் எழுத வேண்டும் என்பது ஜெரால்டு சார் கட்டளை. இன்று படித்தது ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு பக்கம் எழுதிவிட்டேன். வாய் ஓய்ந்தால் கை ஓயாது போலிருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

வகுப்புக்குள் நுழைந்ததும் மொத்தப் பிள்ளைகளும் எழுந்து "குட் மார்னிங் மிஸ்" என்றார்கள். நானும் மேடைப் பழக்கத்தில் கையை அமர்த்தி "உக்காருங்க, உக்காருங்க" என்றுவிட்டேன். பிறகு நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். அப்புறம் ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், இவ்வளவு சுத்தமான சிரிப்பை எந்த ஊர்த் திருவிழாவிலும் நான் வாங்கியதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் பெயர் கோபிகா. எங்கள் மணப்பாறைதான். அவள் அம்மா மலர்க்கொடி முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறார். போன தடவை எழுதி இடம் கிடைக்கவில்லை, இது இரண்டாவது தடவை.

"ஆன்ட்டின்னு கூப்புடவா, அக்கான்னு கூப்புடவா?"

"அக்கான்னு கூப்ட்டா தயிர்சாதத்துல பங்கு உண்டு."

அக்கா ஆனேன்.

இன்று படித்தது இதயம். ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்கிறதாம், ஒருத்தர்கூடக் கைதட்டாமல். திரும்பி வரும் பேருந்தில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் பயந்துபோய், "என்னம்மா, வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லவா?" என்றார். "வேண்டாங்க, நல்லா ஓடுது, அதான் பாத்துட்டு இருக்கேன்" என்றேன். அவர் அதற்கப்புறம் என் பக்கமே வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. தலைப்பு வழக்கம்போல, குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா. இதில் இரண்டு பக்கமும் பல ஊர்களில் பேசியிருக்கிறேன். எந்த அணி என்பதை வேனில் ஏறிய பிறகு ஐயா சொல்வார். தீர்ப்பும் வேனிலேயே முடிவாகிவிடும். இன்று விழாக் கமிட்டித் தலைவர் போனில், "பொம்பளைங்க கூட்டம்தான் ஜாஸ்தி ஐயா, பாத்துச் செய்யுங்க" என்றார். ஆகவே மனைவிமார் ஜெயித்தார்கள்.

போகிற வழியெல்லாம் எனக்கு உயிரியல் பரீட்சை. எப்போதும் எனக்கு எதிரணியில் பேசுகிற தம்பி 'கலகலப்பு' காளீஸ்வரன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மேடைக் குரலில் கேட்டான். "நடுவர் அவர்களே! சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பி எது என்பதை இந்த அம்மையார் சொல்லட்டும், பார்ப்போம்!"

"அட்ரினல்!"

"கை தட்டுங்கப்பா!" டிரைவர் ஹாரன் அடித்தார்.

தூங்குகிறார் என்று நினைத்த புலவர் ஐயா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்கன்னு ஆயிடாமப் பாத்துக்க தாயி."

"கழுதைக்கும் வைத்தியம் பாப்பேன் ஐயா."

மேடையில் பழைய வெடியையே போட்டேன். "எங்க வீட்டுக்காரரு மோட்டார் மெக்கானிக்கு. ஊர்ல உள்ள அத்தனை மோட்டாரையும் ஓட வச்சுருவாரு. கடைக்குப் போயி கருவேப்பில வாங்கிட்டு வாங்கன்னா, அவரு மட்டும் ஓட மாட்டாரு!" கூட்டம் அதிர்ந்தது. காலையில் நான் கிளம்புமுன் எழுந்து எனக்குச் சேவை பிழிந்து கட்டிக் கொடுத்தவர் அவர்தான். அதையெல்லாம் மேடையில் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

மார்ச் 16, ஞாயிறு

மாதிரித் தேர்வு. மண்ணைக் கவ்வினேன்.

கேள்வி: மனித உடலின் மிகப் பெரிய சுரப்பி எது? கல்லீரல் என்று எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் பிட்யூட்டரி நின்றுகொண்டிருந்தது. பட்டாணி அளவுதான் இருக்கும், மற்ற சுரப்பிகளை வேலை வாங்குவதே அது. உருவத்தால் பெரியதா, பொறுப்பால் பெரியதா? அதன் சார்பாக மனதுக்குள் ஒரு ஐந்து நிமிடம் பேசிவிட்டேன். அருமையாக வந்தது. பிறகு தைராய்டு தரப்பையும் கேட்காமல் விடுவது முறையல்ல என்று தோன்றியது. மணி அடித்தபோது பாதிக் கேள்விகளைத் தொடவே இல்லை.

ஜெரால்டு சார் வினாத்தாளைப் புரட்டினார். ஓரத்தில் நான் பென்சிலால் 'இ விடையின் பக்கமும் நியாயம் உண்டு' என்று எழுதி வைத்ததைப் பார்த்துவிட்டார்.

"மேடம், கேள்வி எடுத்தவன் உங்ககிட்ட கருத்து கேக்கல."

"தெரியும் சார். ஆனா நாலுல மூணு பேர அப்படியே விட்டுட்டுப் போறதுக்கு மனசு வரல."

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். கோபிகா பெஞ்சுக்குள் தலையை விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பேருந்தில் வரும்போது சிரிப்பு வரவில்லை. காற்றில் கண்ணில் தூசி விழுந்துவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

மாவு பொங்கி வழிந்து அடுப்படி முழுக்க ஓடிவிட்டது. நான் சிறுநீரகப் பாடத்து நெஃப்ரானில் இருந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வைத்தியம் கண்டுபிடித்தவள் கோபிகாதான். ஒரு ரப்பர் துண்டைக் கொடுத்து, "முதல்ல விடை எல்லாத்தையும் இதால மறைங்கக்கா. கேள்விய மட்டும் படிங்க. மனசுக்குள்ள பதில் வந்தப்புறம் ரப்பர எடுங்க. அந்தப் பதில் இருந்தா வட்டத்த நெரப்புங்க. மத்தவங்க மூஞ்சியப் பாக்காதீங்க" என்றாள்.

இன்றைய தேர்வில் அவளைவிட எனக்கு மதிப்பெண் கூட வந்துவிட்டது. இரண்டு பீரியட் உர்ரென்று இருந்தாள். மத்தியானம் என் தயிர்சாதத்தில் முக்கால்வாசியைச் சாப்பிட்ட பிறகுதான் முகம் தெளிந்தது. நாளை சித்திரை ஒன்று. வேப்பம்பூ கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் எங்கேயோ போய் மரம் ஏறிப் பறித்து வந்தார்.

மே 4, ஞாயிறு

எழுதிவிட்டேன்!

மெட்டி கழலவில்லை. உலோகம் எதுவும் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று விதி. காலையில் இவர் என் காலை மடியில் வைத்துக்கொண்டு, சோப்புத் தண்ணீர் போட்டு, பேரிங் கழற்றுவதுபோல நிதானமாகக் கழற்றினார். கல்யாணத்தன்று அவர் மாட்டியபோதுகூட இவ்வளவு நேரம் ஆகவில்லை.

தேர்வு மையத்து வாசலில் ஓர் அப்பா என்னிடம், "ஒங்க பொண்ணு உள்ள போயிருச்சாங்க? இதக் கொஞ்சம் வச்சுக்குங்க, நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துர்றேன்" என்று தன் மகளின் கைக்கடிகாரத்தையும் தோட்டையும் கொடுத்தார். "நானே உள்ள போகணும்ங்க" என்றேன். "மேற்பார்வைக்கா? அப்ப எம்பொண்ணக் கொஞ்சம் பாத்துக்குங்க மேடம்" என்று கும்பிட்டார். நான் எதற்கு மறுக்க? பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் அந்தப் பெண்ணுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தேன்.

கேள்வித்தாளைப் பிரித்தேன். பத்தாயிரம் பேர் முன்னால் குறிப்பில்லாமல் பேசுகிறவளுக்குக் காகிதத்தைப் பார்த்துப் பயம்! விடைகளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன். எந்த அணிக்கும் வாதாடவில்லை. இயற்பியலில் நாலைந்து இடங்களில் ஆண்டவன் விட்ட வழி. உயிரியல் மட்டும் சர்க்கரைப் பொங்கல்.

வெளியே வந்தபோது இவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. மெட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

ஜூன் 14, சனி

முடிவு வந்துவிட்டது. நல்ல மதிப்பெண். கோபிகாவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஜெரால்டு சார் போன வருடக் கணக்கை எல்லாம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருமே கரையில நிக்கிறீங்க மேடம். ஒரு அலை அடிச்சா உள்ள, ஒரு அலை அடிச்சா வெளிய" என்றார். கோபிகாவும் நானும் போனில் கத்திய கத்தலில் இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. ராத்திரி நிகழ்ச்சியில் என் குரலைக் கேட்டு, காளீஸ்வரன் பேசுகிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

மாட்டுச் சந்தைக்குப் போகிற வழியில் எனக்கு பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். 'வருங்கால மருத்துவர் நகைச்சுவை அருவி.' இடமே இன்னும் கிடைக்கவில்லை. எல்லாம் காளீஸ்வரன் வேலை. படத்தில் எனக்கு இருபத்தைந்து வயது, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை ஒட்டியிருக்கிறான். அது தாம்புக்கயிறு மாதிரி இருக்கிறது. சந்தைக்கு வந்த ஒருவர் என்னை நிறுத்தி, மாட்டுக்கு வயிறு உப்பியிருக்கிறது என்றார்.

இன்று வெயில் நல்ல வெயில். வடகம் போட்டேன். சும்மா சும்மா சிரிப்பு வருகிறது.

ஜூலை 18, வெள்ளி

தரவரிசைப் பட்டியல் வந்தது. எங்கள் பிரிவில் கோபிகா எனக்கு மூன்று இடம் கீழே. ஜெரால்டு சார் சொன்ன கரை எங்கள் இருவருக்கும் நடுவில் எங்கேயோ ஓடுகிறது. அவரும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்லூரிகளைக் கணினியில் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய இருபத்தெட்டாம் தேதி கடைசி நாள்.

ஜூலை 20, ஞாயிறு

உள்ளூரில் ஆடித் திருவிழா. கமிட்டிக்காரர்கள் என்னை மனதில் வைத்தே தலைப்புக் கொடுத்திருந்தார்கள். 'மருத்துவக் கல்லூரி இடம் இளையவர்களுக்கே உரியதா, முயன்றவர் எவருக்கும் உரியதா?' நான் இரண்டாவது அணி என்றுதான் ஊரே எதிர்பார்த்தது. புலவர் ஐயா கடைசி நேரத்தில் காதைக் கடித்தார். "நீ இளையவர் பக்கம் பேசு தாயி. அப்பதான் களை கட்டும்."

எந்த அணி கொடுத்தாலும் பேசுவேன், அதுதான் என் தொழில். எழுந்தேன்.

"நடுவர் அவர்களே! பதினெட்டு வயசுப் பொண்ணு படிச்சு வந்தா நாப்பது வருஷம் வைத்தியம் பாக்கும். நாப்பத்திரெண்டு வயசுக்காரி படிச்சு முடிச்சு வெளிய வர்றப்ப, ஊசி போட அவளுக்கே ஒரு கண்ணாடி வேணும்!" சிரிப்பு. "அரசாங்கம் ஒரு இடத்துக்குக் கொட்டுற பணம் யாரு பணம்? நம்ம பணம்." கைதட்டல். அப்புறம் குரலைத் தாழ்த்தினேன். எந்த இடத்தில் தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். "கல்யாணப் பந்தியில ஒருத்தி ஒரு தடவ சாப்ட்டு எந்திரிச்சுட்டா. அவளே மறுபடியும் வந்து எலையில உக்காந்தா, காலையிலேர்ந்து பசியோட நிக்கிற புள்ளைக்கு எலை எங்க நடுவர் அவர்களே?"

அப்புறம் இடி மாதிரிக் கைதட்டல். முன்வரிசையில் ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பார்த்தால் கோபிகாவின் அம்மா மலர்க்கொடி. எனக்காகப் பேச வேண்டிய காளீஸ்வரன் எழுந்து குறிப்புச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் தலைவிதி, எனக்கு எதிராக நான் பேசியதற்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. தீர்ப்பு என் அணிக்கே.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்! வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். இவர் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் பேசுன" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 22, செவ்வாய்

அந்தப் பந்திப் பேச்சை யாரோ வெட்டி வாட்ஸப்பில் விட்டிருக்கிறார்கள். நுணலும் தன் வாயால் கெடும். கீழே 'தங்கமான மனசு', 'இடத்தை விட்டுக் கொடுத்த தாய்' என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். பட்டிமன்றத்தில் பேசியதையா நம்புவார்கள்? கணவனே உயர்ந்தவன் என்று பேசிய மறுநாள் மனைவியே உயர்ந்தவள் என்று பேசியிருக்கிறேன், ஒருத்தரும் கணக்கு கேட்டதில்லை.

பீரோவை ஒழித்து அடுக்கினேன். பழைய சால்வைகளே இரண்டு பெட்டி இருக்கின்றன.

ஜூலை 24, வியாழன்

மலர்க்கொடி வந்திருந்தார், பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய முறுக்கோடு. உட்காரக்கூட இல்லை, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மேடம், உங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. எம்பொண்ணு ரெண்டு வருஷமா ஒழுங்காத் தூங்கல. நீங்க வெலகிட்டா இவளுக்குக் கெடைச்சுரும்னு சொல்றாங்க. கோபிகாகிட்ட கேட்டா, 'அக்கா சும்மா மேடைக்குப் பேசியிருப்பாங்கம்மா'ங்குறா. நாந்தான் சொன்னேன், அந்தக் கொரல்ல பொய் இல்லடின்னு."

நான் என்ன சொன்னேன்? "காப்பி சாப்பிடுறீங்களா?" என்றேன்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். மழை வருமா என்று பேசினோம். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்த பிறகு இவர் உள்ளே வந்து, எதற்கு என்று தெரியாமலே நாலு முறுக்கைத் தின்றுவிட்டு, "அருமையா இருக்கே, யாரு குடுத்தா?" என்றார்.

ஜூலை 25, வெள்ளி

இடம் எதையும் பதிவு செய்யவில்லை. இன்டர்நெட் சரியில்லை.

ஜூலை 26, சனி

இன்டர்நெட் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

புலவர் ஐயா வீட்டுக்கே வந்துவிட்டார். இவர்தான் போன் செய்து வரவழைத்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"என்ன தாயி, பதிவு பண்ணலயாமே?"

"தீர்ப்பு சொன்னதே நீங்கதானே ஐயா."

"அடிப் பாவி! கமிட்டித் தலைவரு பொண்ணு நீட் எழுதியிருக்கு, இளையவர் பக்கம் பாத்துப் பண்ணுங்கன்னு அவரு சாயங்காலமே சொல்லிட்டாரு. இத்தனை வருஷமா எங்கூட வேன்ல வர்ற, தீர்ப்பு எப்புடி வருதுன்னு உனக்கா தெரியாது?"

"தீர்ப்பு எப்படி வந்தா என்ன ஐயா? நான் சொன்ன பாயிண்டு பொய்யா?"

ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நடுவீட்டில் எழுந்து நின்று எனக்காக வாதாடினார். வயதானவளுக்கு நோயாளியின் வலி தெரியும் என்றார். மதிப்பெண் உழைத்து வாங்கியது, யாரும் போட்ட பிச்சை அல்ல என்றார். எழுபது வயதில் என்ன குரல்! மேடையாக இருந்தால் நானே எழுந்து கைதட்டியிருப்பேன். கேட்டு முடித்தபோது, அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று பட்டது. நான் சொன்னதும் நூற்றுக்கு நூறு சரி என்றே பட்டது. நடுவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

இவர் மூலையில் ஒரு மிக்ஸி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்று தவறிவிடும் என்று தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஐயா, இவ்வளவு பேச்சு எதுக்கு? திலகா, உனக்கு அந்தப் படிப்பு வேணுமா, வேண்டாமா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். நீ எந்தப் பக்கம் என்று ஊர் ஊராகக் கேட்டிருக்கிறார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. சமூக சேவை, சின்ன வயசுக் கனவு எல்லாம் வரிசையாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயின.

"வேணும்" என்றேன்.

"எதுக்குன்னு கேக்க மாட்டியாப்பா?" என்றார் ஐயா அவரைப் பார்த்து.

"எதுக்கு ஐயா? இதயத்தப் பத்திப் படிச்சுட்டு வந்த அன்னைக்கு இவ மூஞ்சிய நீங்க பாக்கல" என்று சொல்லிவிட்டுக் கம்பியைத் தொடர்ந்து சுற்றினார்.

ஜூலை 28, திங்கள்

காலையில் பதிவு செய்தேன். இவர் பக்கத்தில் நின்றார். பொத்தானை அழுத்தியதும் குபீரென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது. அதை அப்படியே வைத்துக்கொண்டு மலர்க்கொடி வீட்டுக்குப் போனேன். முறுக்கோடு வந்து கும்பிட்டவருக்கு இதைப் போனில் சொல்வது அசிங்கம்.

பின்கட்டில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கோபிகா அறைக்குள் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. நின்றபடியே சொன்னேன். "நான் வெலகலீங்க. இன்னைக்குக் காலையில பதிஞ்சுட்டேன். அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

அவர் அடுப்பிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார்.

"பந்தியில ரெண்டாந்தடவ உக்காரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அது பொய்யா மேடம்?"

"இல்லீங்க. அது உண்மைதான்."

"அப்புறம்?"

"எனக்கு வேணும்ங்க."

"எம்பொண்ணுக்கும்தான் வேணும்."

"ஆமா."

"அவ சின்னப் பொண்ணு. உங்களுக்குத் தொழில் இருக்கு, பேரு இருக்கு. தெருவுல போனா நாலு பேரு சிரிச்சுக்கிட்டே கும்புடுறான். அவகிட்ட என்ன இருக்கு?"

எண்ணெயில் முறுக்கு கருகிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே எடுக்கவில்லை. புலவர் ஐயா நேற்று அடுக்கிய அத்தனை பாயிண்டும் என்னிடம் தயாராக இருந்தன. ஒன்றை எடுத்து வீசினால் போதும், அந்த அம்மாள் வாயடைத்துப் போவார். பேச்சில் அவரை ஜெயிப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் அவர் கேட்டதெல்லாம் நியாயம். பதில் சொல்லாமல் நின்றேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன். கடைசியில், "போங்க மேடம். அடுப்பப் பாக்கணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேடையில் தோற்றால் சாப்பாட்டு நேரத்துக்குள் மறந்துவிடும். இது மறக்காது.

ஆகஸ்ட் 6, புதன்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி. கணினியில் என் பெயரைப் பார்த்ததும் நான் போட்ட கூச்சலில், சிலிண்டர் வெடித்துவிட்டது என்று எதிர்வீட்டார் வாளியில் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். இவர் சத்தம் கேட்டு வந்து, திரையில் என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார், கிரீஸ் விரலால் தொட்டுத் தொட்டு. திரை முழுக்கக் கறை. துடைக்கப் போனவரைத் தடுத்துவிட்டேன். காளீஸ்வரன் போனில், "அக்கா, முதல் ஊசி எனக்கு வேண்டாம், ஐயாவுக்குப் போடுங்க" என்றான். ஐயா, "எனக்கு எதுக்குடா, நான் நல்லா இருக்கேன்" என்று பின்னாலிருந்து கத்தினார்.

இந்தச் சுற்றில் கோபிகாவின் பெயர் இல்லை. இடங்கள் அவளுக்கு ஒரு படி மேலே முடிந்துவிட்டன. நான் விலகியிருந்தால் அவள் உள்ளே போயிருப்பாள். அடுத்த சுற்று உண்டு, ஆனால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"வாழ்த்துக்கள்க்கா."

"கோபிகா..."

"ஒன்னும் சொல்லாதீங்க. நீங்க பேசினா நான் சமாதானம் ஆயிருவேன். எனக்கு இப்ப ஆக வேண்டாம்."

"சரிம்மா."

"கொஞ்ச நாள் உங்ககூடப் பேச மாட்டேன்."

"சரி."

அவள் உடனே வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டாள். நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்காமல், கையில் கரண்டியோடு ஒரு ஆட்டம் போட்டேன். வெட்கம் கெட்ட ஆட்டம்.

அந்தப் பெண்ணின் மூச்சுச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது. ஆனால் இப்போதே யாராவது வந்து இடத்தைத் திருப்பிக் கொடுப்பாயா என்று கேட்டால், மாட்டேன் என்றுதான் சொல்வேன்.